மட்டாஞ்சேரியில் கூட்டுக் கலை முயற்சி: விழாவுக்குப் பின் எஞ்சுவது என்ன?

கொச்சி நகரின் மேற்குப் பகுதியில், காயலை ஒட்டி வளைந்து செல்லும் குறுகிய சாலையொன்று கோட்டைக் கொச்சியையும் மட்டாஞ்சேரியையும் இணைக்கிறது. சாலையின் ஒரு மருங்கில் வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. மறு மருங்கில், தெருவை நோக்கி ஒரு வாயிலும் நீரை நோக்கி ஒரு வாயிலுமாக அமைந்த பழைய பண்டகசாலைகள் உள்ளன. மிளகு, சுக்கு, மஞ்சள், கயிறு, தேங்காய் எண்ணெய் ஆகிய சரக்குகள் ஒரு காலத்தில் இவ்வாயில்களின் வழியே இரவும் பகலும் போய்வந்தன. இன்று அவற்றுள் பல, பூட்டிக் கிடக்கின்றன. அல்லது வேறு பயனுக்கு மாறிவிட்டன.

2012ஆம் ஆண்டு முதல் இக்கட்டடங்களுள் சில, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சில மாதங்களுக்குக் கலைக்கூடங்களாகத் திறக்கப்பட்டு வருகின்றன. கொச்சி முசிறி பினாலே என்னும் இக்கலைவிழாவில் ஓவியர், சிற்பி ஆகியோருடன் கவிஞர், நாடகக் கலைஞர், தொல்லியல் அறிஞர், கட்டடக் கலைஞர், சமையற் கலைஞர் எனப் பல துறையினரும் சேர்ந்து பணியாற்றுகின்றனர். வளரும் நாடு ஒன்றில் இத்தகைய விழாவுக்குப் பொதுப் பணத்தைச் செலவிடுவது முறையா என்ற வினா எழுவது இயல்பே. வந்து பார்த்தோரின் எண்ணிக்கையை மட்டும் காட்டி இவ்வினாவுக்கு விடை கூறிவிட இயலாது. விழா முடிந்து அனைத்தும் பிரித்தெடுக்கப்பட்ட பின்னர் அப்பகுதி மக்களிடம் எது எஞ்சி நிற்கிறது என்பதே சரியான அளவுகோலாகும்.

வணிகம் விட்டுச் சென்ற இடம்

பண்டைய முசிறித் துறைமுகத்தைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற யவனர் கலங்களைப் பற்றிய செய்தி அகநானூற்றின் 149ஆம் பாடலில் இடம்பெற்றுள்ளது. 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் கொச்சியின் முகத்துவாரம் அகன்று, இயற்கைத் துறைமுகம் உருவாயிற்று என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்தாகும். அதன்பின் மலபார்க் கடற்கரையின் வணிகம் படிப்படியாகக் கொச்சிக்கு மாறியது. போர்த்துக்கீசியர் 1555ஆம் ஆண்டு கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனையும், 1568ஆம் ஆண்டின் யூதர் தொழுகைக் கூடமும் மட்டாஞ்சேரியில் அருகருகே நிற்கின்றன. கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், சமணர், யூதர், தமிழர் எனப் பல சமூகத்தினர் வணிகத்தையும் தொழிலையும் நாடி இங்குக் குடியேறினர். அண்டையிலுள்ள கோட்டைக் கொச்சியில் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. காயலை ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணைக் கொண்டு வெலிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டு கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் தீவிலுள்ள துறைகளை நாடின. 2011ஆம் ஆண்டு வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டக முனையம் செயற்படத் தொடங்கியது. மட்டாஞ்சேரியில் 1957ஆம் ஆண்டு தொடங்கிய மிளகு முன்பேர வணிகமும், 2003ஆம் ஆண்டுக்குப் பின் மின்னணு முறையிலான தேசியச் சந்தைகள் தோன்றியதும் நலிவுற்றது. இவ்வாறு வணிகம் இடம்பெயர்ந்தது. கட்டடங்களும், அவற்றை நம்பி வாழ்ந்த மக்களும் அங்கேயே தங்கினர்.

இம்மக்களின் வரலாற்றில் மறக்கவியலாத நாள் 1953 செப்டம்பர் 15. அக்காலத்தில் துறைமுக வேலைக்குச் 'சாப்பா' என்னும் முறை நடப்பிலிருந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உலோக வில்லைகளைக் கூட்டத்தினிடையே வீசி எறிவர். முண்டியடித்து அவற்றைக் கைப்பற்றியவர்க்கு மட்டுமே அன்றைய வேலை கிட்டும். இம்முறையை எதிர்த்து மட்டாஞ்சேரியில் எழுந்த போராட்டத்தின்போது காவல் துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். இப்போராட்டத்தில் தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். இதனைப் பொருளாகக் கொண்டு கே. எம். சிதம்பரன் எழுதிய 'துறமுகம்' என்ற நாடகம், 2023ஆம் ஆண்டு ராஜீவ் ரவியின் இயக்கத்தில் அதே பெயரில் திரைப்படமாக வெளிவந்தது. மட்டாஞ்சேரியில் வேலை என்பது எப்பொழுதும் மானத்தோடு பிணைந்த ஒன்றாக இருந்து வந்துள்ளது. அங்கு நடைபெறும் எந்தப் புதிய முயற்சியையும் இந்தப் பின்னணியிலேயே நோக்க வேண்டும்.

பினாலேயின் தோற்றம்

பினாலே என்னும் இத்தாலியச் சொல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது எனப் பொருள்படும். 1895ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் தொடங்கிய கலைவிழா இவ்வகையில் முன்னோடியாகும். நம் நாட்டில் மத்திய லலித் கலா அகாதெமி, முல்க் ராஜ் ஆனந்தின் முயற்சியால் 1968ஆம் ஆண்டு டெல்லியில் மூவாண்டுக் கலைவிழாவைத் தொடங்கியது. அது தலைநகரின் காட்சிக்கூடங்களில் நடைபெற்ற விழாவாகும். 2005ஆம் ஆண்டு நிகழ்ந்த 11ஆவது விழாவுடன் நின்றுபோயிற்று.

கொச்சியில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி வேறு வகையைச் சேர்ந்தது. கேரளத்தைச் சேர்ந்த ஓவியர்களான போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று 2010ஆம் ஆண்டு கொச்சி பினாலே அறக்கட்டளையை நிறுவினர். கேரள அரசு தொடக்கத்தில் 5 கோடி ரூபாய் வழங்கி ஆதரவளித்தது. முதல் விழா 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. ஆஸ்பின்வால் மாளிகை, பெப்பர் ஹவுஸ் முதலிய வணிகக் கட்டடங்களே அதன் அரங்குகளாயின. தொடர்ந்து 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் டிசம்பரில் விழாக்கள் தொடங்கின. இவை ஒவ்வொன்றும் 108 நாட்கள் நீடித்தன. 2020ஆம் ஆண்டு நடைபெறவேண்டிய விழா, கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2022ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நிகழ்த்து கலைஞரான நிகில் சோப்ராவும், கோவாவைச் சேர்ந்த கலைஞர் குழுவொன்றும் பொறுப்பேற்ற ஆறாவது விழா 2025 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. விழாவின் ஒவ்வொரு பதிப்புக்கும் கலைஞர்களே பொறுப்பாளராக அமர்வது இதன் தனிச்சிறப்பாகும்.

கூட்டு முயற்சி எனப்படுவது யாது?

சுவரில் மாட்டும் ஓவியத்தை அதன் இடத்திலிருந்து அகற்றி வேறு எங்கும் கொண்டு செல்லலாம். நிறுவு கலை எனப்படும் வகை அத்தகையதன்று. ஓர் இடத்தின் தரை, சுவர், ஒளி, மணம், பழைய பயன்பாடு ஆகிய அனைத்தையும் சேர்த்தே அப்படைப்பு உருவாகிறது. பார்வையாளர் அதனுள்ளே நடந்து செல்கின்றனர். நிகழ்த்து கலையில் கலைஞரின் உடலும் அவர் செலவிடும் நேரமுமே படைப்பாகின்றன. இவ்விரு வகைக்கும் ஒருவரின் திறமை மட்டும் போதாது. எனவே பல துறையினரும், பல தொழிலினரும் இவற்றில் ஒன்றுசேர வேண்டியுள்ளது.

சில சான்றுகளைக் காண்போம். கேரள வரலாற்று ஆய்வு மன்றம் 2007ஆம் ஆண்டு முதல் பட்டணம் என்ற ஊரில் அகழாய்வு நடத்திற்று. பண்டைய முசிறி அங்கு இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கு ஆராய்ந்து ஒதுக்கப்பட்ட பானை ஓடுகளைக் கொண்டு விவான் சுந்தரம் 2012ஆம் ஆண்டு ஒரு நகரத்தின் வடிவைத் தரையில் அமைத்தார். அதில் மிளகும் இடம்பெற்றது. தொல்லியலார் கண்டெடுத்ததைக் கலைஞர் பொதுமக்களின் கண்முன் வைத்தார் எனலாம். அதே விழாவில் ஷீலா கௌடாவும் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும், வீடுகளில் பயனற்றுப்போன 170 ஆட்டுக்கற்களைப் பெங்களூரிலிருந்து கொணர்ந்து ஆஸ்பின்வால் மாளிகையின் நீர்க்கரையில் வைத்தனர். சரக்கு ஏற்றி இறக்கிய கரையில், சமையலறையை விட்டு வெளியேறிய கற்கள் கப்பலுக்குக் காத்திருப்பவைபோல் கிடந்தன.

2014ஆம் ஆண்டு பெப்பர் ஹவுஸில் ஜிஜி ஸ்கரியா அமைத்த மாபெரும் உலோக மணியில், துளைகளின் வழியே நீர் பீறிட்டது. மலபாரின் மாப்பிளக் கலாசிகள் கயிறு, கப்பி, மரத்தூண் ஆகியவற்றின் துணைகொண்டு பெரும்பாரத்தை அசைக்கும் முறை இப்படைப்பின் ஒரு கூறாக விளங்கியது. 1988ஆம் ஆண்டு பெருமண் ரயில் விபத்தில் ஏரியில் வீழ்ந்த பெட்டிகளை மீட்பதற்கு உதவியவர்கள் இக்கலாசிகளே என்பது குறிப்பிடத்தக்கது. எழுத்தறிவு குறைந்தோரின் வேலை எனக் கருதப்பட்ட ஒன்று, உயர்ந்த பொறியியல் அறிவாக இங்கு மதிக்கப்பட்டது.

2016ஆம் ஆண்டு சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரிதா, கிடங்கு ஒன்றின் தரையில் கடல்நீரைத் தேக்கினார். பார்வையாளர் அந்நீரில் நடந்து சென்றே எதிர்ச்சுவரிலிருந்த கவிதையைப் படிக்க முடிந்தது. கடலில் மாண்ட சிரியா நாட்டு அகதிக் குழந்தை ஒன்றுக்கு அது காணிக்கையாக்கப்பட்டிருந்தது. 2018 ஆகஸ்டு மாதம் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. அவ்வாண்டின் விழாவில் வங்கதேசக் கலைஞர் மர்சியா ஃபர்ஹானா, வெள்ளத்தில் பாழான வீட்டுப் பொருள்களைச் சேகரித்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். இழப்பைக் கணக்கிடும் அரசுப் பட்டியல்களில் இடம்பெறாத ஒன்றை, அதாவது ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் ஒரே இரவில் குப்பையாவதை, அப்படைப்பு உணர்த்திற்று.

அதே விழாவில் விபின் தனுர்தரன் ஒரு பொதுச் சமையற்கூடத்தை நடத்தினார். விரும்பியவர் சமைக்கலாம், வந்தவர் உடனமர்ந்து உண்ணலாம். சகோதரன் அய்யப்பன் 1917ஆம் ஆண்டு கொச்சியை அடுத்த செறாயியில் சாதி வேறுபாடுகளைக் களைந்து நடத்திய சமபந்தி விருந்தே இதற்குத் தூண்டுகோலாகும். இங்கு உணவே கலைப்பொருள், உண்பவரே பங்காளர். கூட்டுக் கலை என்பதன் பொருளை இதனினும் எளிதாக விளக்க இயலாது.

மட்டாஞ்சேரி முன்னரே அறிந்த கலை

வெளியிலிருந்து வந்தவர்களே இப்பகுதிக்குக் கலையைக் கொணர்ந்தனர் என எண்ணுவது தவறாகும். கொச்சிக் கடற்கரையின் இலத்தீன் கிறித்தவர் ஆடும் சவிட்டு நாடகத்தில் இசை, உரையாடல், நடனம், போர்ப்பயிற்சி ஆகிய யாவும் கலந்துள்ளன. அதன் பழைய பனுவல்களில் தமிழ் மிகுதியாகக் காணப்படுகிறது. சின்னத்தம்பி அண்ணாவியார் என்னும் தமிழர் இதன் முதல் ஆசான்களுள் ஒருவராக மரபில் போற்றப்படுகிறார். மட்டாஞ்சேரியின் மணவீடுகளிலும் மாடியறைகளிலும் பாடி, மக்கள் பாடகரெனப் பெயர்பெற்றவர் எச். மெஹபூப் (1926 - 1981). கோட்டைக் கொச்சியில் 1984ஆம் ஆண்டு முதல் இளைஞர் மன்றங்கள் சேர்ந்து நடத்தும் ஆண்டிறுதித் திருவிழாவில், பழைய ஆண்டைக் குறிக்கும் பெரிய உருவப் பொம்மை நள்ளிரவில் எரிக்கப்படுகிறது. அரங்கம் அமைத்தல், உருவம் செய்தல், கூட்டமாகப் பாடி ஆடுதல் ஆகியவை இப்பகுதியினருக்குப் புதியன அல்ல. எனவே, அங்கு ஏற்கெனவே உள்ள திறனுடன் பினாலே எந்த அளவு சேர்ந்து நிற்கிறது என்பதையே ஆராய வேண்டும்.

பயனைக் கணக்கிடுதல்

முதல் விழாவை ஏறத்தாழ 4 இலட்சம் பேர் கண்டனர் என அமைப்பாளர் தெரிவித்தனர். இத்தகைய எண்கள் விழாவின் ஈர்ப்பைக் காட்டுகின்றன. ஆனால் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதைக் காட்டுவதில்லை. பயனை மூன்று வகையாகப் பிரித்து நோக்குவது தெளிவு தரும்.

முதலாவது, விழாக்கால வருவாய். தங்குமிடம், உணவகம், ஆட்டோ, படகு, சிறுகடை ஆகியவற்றுக்கு வருவோரால் வாடிக்கை பெருகுகிறது. தச்சர், வெல்டர், மின்பணியாளர், வண்ணம் பூசுவோர், சுமைதூக்குவோர் ஆகியோருக்குச் சில மாதங்கள் வேலை கிடைக்கிறது. இவ்வருவாய் உடனே கைக்கு வருவது. ஆனால் விழா முடிந்ததும் குறைந்துவிடுவது.

இரண்டாவது, இடத்தின் மதிப்பு உயர்தல். ஒரு பகுதி புகழ்பெறும்போது அங்குள்ள நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலை ஏறுகிறது. இந்த ஏற்றம் உரிமையாளரையே சேர்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அது சுமையாகிறது. மட்டாஞ்சேரியின் யூதர் தெருவில் இதன் சாயலைக் காணலாம். 1948ஆம் ஆண்டுக்குப் பின் யூதர் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். மிளகு மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்த கிடங்குகள் பலவும் பழம்பொருள் அங்காடிகளாயின. தெரு பிழைத்தது, ஆனால் அதில் முன்பு வாழ்ந்தவரும் உழைத்தவரும் பெரும்பாலும் இல்லை. பொதுப் பணத்தால் உண்டாகும் மதிப்பு முழுவதும் வாடகையாகத் திரண்டுவிடுமாயின், அத்திட்டம் தன் நோக்கத்தில் பாதியை இழந்ததாகவே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அறிவும் திறனும் நிலைத்தல். 2014ஆம் ஆண்டு முதல் நடைபெறும் மாணவர் பினாலே இவ்வகையில் கருதத்தக்கது. நாட்டின் பல மாநிலங்களிலுள்ள அரசுக் கலைக்கல்லூரி மாணவர், மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளில் தம் படைப்புகளை நிறுவும் வாய்ப்பைப் பெற்றனர். பள்ளிக் குழந்தைகளுக்கெனத் தனிப் பயிலரங்குகளும் நடத்தப்பட்டுள்ளன. இம்மூன்றாவது பயனே மெதுவாக வளர்வது. ஆயினும் நெடுநாள் நிற்பது.

காணப்படும் குறைகள்

இம்முயற்சியில் குறைகளும் இல்லாமலில்லை. முதன்மையான அரங்குகள் பெரும்பாலும் தனியாருக்கு உரியவை; ஒவ்வொரு முறையும் இசைவு பெற்றே அவற்றைப் பயன்படுத்த வேண்டியுள்ளது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று தொடங்க வேண்டிய விழா, ஏற்பாடுகள் நிறைவுறாமையால் டிசம்பர் 23ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று; பங்கேற்ற கலைஞர் பலர் தம் மனக்குறையை வெளிப்படையான கடிதமாக எழுதினர். 2018ஆம் ஆண்டு விழாவின் அமைப்புப் பணிகளுக்குரிய தொகை தீர்க்கப்படவில்லை என்ற புகாரும், அதற்கு அமைப்பாளரின் மறுப்பும் 2019ஆம் ஆண்டு பொதுவில் எழுந்தன. எவர் பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்க, இவ்வகை வழக்கு நீளும்போது கடைசியில் நிற்கும் கூலித் தொழிலாளியே முதலில் துன்புறுகிறார் என்பதில் ஐயமில்லை.

பட்டியலும் பதிவுமின்றி, இடைத்தரகர் அழைத்தவருக்கு மட்டும் வேலை என்ற நிலை ஏற்படுமாயின், அது பழைய சாப்பா முறையின் நிழலேயாகும். வில்லை வீசப்படுவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

தமிழ்நாட்டு அனுபவம்

இவ்வகை முயற்சிகள் தமிழ்நாட்டிலும் உண்டு. 1966ஆம் ஆண்டு கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் தாமே நிலம் வாங்கிச் சென்னையை அடுத்து அமைத்த சோழமண்டலம் கலைஞர் கிராமம், கைவினைப் பொருள் விற்பனையால் தன்னைத் தானே தாங்கிக் கொண்டது. 2015ஆம் ஆண்டு சென்னையின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், பாடகர் டி. எம். கிருஷ்ணா முதலியோரும் மீனவ மக்களும் சேர்ந்து, சபாக்களில் மட்டும் ஒலித்த இசையையும் நாட்டார் கலைகளையும் ஒரே மேடையில் வைத்து விழா எடுத்தனர். நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரில், 2020ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் ஒத்துழைப்புடன் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன.

இம்மூன்றையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை புலனாகிறது. சோழமண்டலத்தில் நிலம் கலைஞருக்கே உரியது. எனவே அது நிலைத்தது. குப்பத்து விழாவில் மேடை மக்களுடையது; எனவே மதிப்பு இருபுறமும் சென்றது. கண்ணகி நகரில் சுவர் அழகுபெற்றது. ஆயினும் வேலைக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டிய குடும்பத்தின் இடர், ஓவியத்தால் மட்டும் தீர்வதில்லை. கலை, மற்ற வளர்ச்சிப் பணிகளுக்குத் துணையாகலாம். அவற்றுக்கு மாற்றாக முடியாது.

செய்யத்தக்கன

மட்டாஞ்சேரி அனுபவத்திலிருந்து நிர்வாகத்தினர் கொள்ளத்தக்க முடிவுகள் சில உள. அரசின் உதவி விழாவுக்கு மட்டுமன்றி இடத்துக்கும் செல்லுதல் வேண்டும். பழைய பண்டகசாலை ஒன்றையாவது பொதுவுடைமையாகப் பெற்று, விழா இல்லாத மாதங்களில் பகுதி மக்களின் தொழிற்கூடமாகவும் நாடக அரங்காகவும் பயன்படுத்தலாம். விழாப் பணிக்கான தச்சர், வெல்டர், சுமைதூக்குவோர் ஆகியோரைப் பதிவு செய்து, கூலிக்குரிய தொகையைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே வைத்தல் நலம். துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து முறைப்படுத்த 1948ஆம் ஆண்டே மத்திய அரசு சட்டம் இயற்றியது. கேரளத்திலும் சுமைதூக்கும் தொழிலாளர் நலச் சட்டம் 1978ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. முன்மாதிரிக்கு வெளியே தேட வேண்டுவதில்லை. மேலும், படைப்பை உருவாக்க உதவிய தொழிலாளரின் பெயரும் கலைஞரின் பெயருடன் அறிவிப்புப் பலகையில் இடம்பெறுதல் வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

போக்குவரத்து வசதியும் இப்போது பெருகியுள்ளது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியில் கொச்சி நீர்வழி மெட்ரோவின் படகு முனையம் திறக்கப்பட்டது. ஆகவே வருவோர் தொகை இனியும் கூடலாம். அவ்வாறு கூடும்போது, முன்பு மிளகு மூட்டையைச் சுமந்தவரின் பேரப்பிள்ளைகள் தம் தெருவிலேயே தொழில் கற்றுத் தங்கி வாழ முடிகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. அவர்கள் அங்கு வாழ்ந்தால், கலைக்கெனச் செலவிட்ட பணம் வளர்ச்சிக்கெனச் செலவிட்டதாகவே ஆகும். இன்றேல், வணிகம் ஒருமுறை விட்டுச் சென்ற இடத்தைக் கலையும் மறுமுறை விட்டுச் சென்றதாகவே முடியும்.